துவாதசி இலையும் செம்புத் தண்ணீரும்

மார்கழி மாதத்து விடியற்காலை. காவிரிக் கரையோர ஊர் ஒன்றில், 68 வயது நிறைந்த அம்மையார் ஒருவர் வாசல் தெளித்துக் கோலமிட்டு, காவி தீற்றி, பூசணிப் பூவும் வைத்து முடித்தார். மிச்சமிருந்த அரைக்குடம் தண்ணீரைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்தபோது முதுகின் நடுவே சுரீரென்று ஒரு வலி ஓடியது. தடுக்கி விழவில்லை, கால் வழுக்கவும் இல்லை. வாயுப் பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து நாள்களைக் கழித்தார். பாவை நோன்பு நாள்களில் கோயிலுக்குப் போகாமல் படுத்திருக்க நேர்ந்ததே என்பதுதான் வலியினும் பெரிய துன்பமாக அவருக்கு இருந்தது. பொங்கல் கழிந்து எடுத்த எக்ஸ்-ரே படத்தில், முதுகெலும்புக் கட்டை ஒன்று முன்புறம் நசுங்கி ஆப்பு வடிவம் கொண்டிருந்தது.

"விழவே இல்லையே டாக்டர், எலும்பு எப்படி ஒடியும்?"

"விழாமலே ஒடிகிற நிலைக்கு வந்துவிட்டதும்மா. இது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. இருபது வருஷமாகக் கரைந்துகொண்டிருக்கிறது."

இத்தகைய அம்மையாரை ஒவ்வொரு தெருவிலும் காணலாம். முன்பு சந்நிதி மணியின் கயிற்றை எளிதில் எட்டிப் பிடித்தவர், இப்போது பக்கத்தில் நிற்பவரை அடித்துத் தரச் சொல்வார். புடவை தரையில் புரள்கிறதே, கொசுவம் சரியில்லையோ என்று ஐயுறுவார். முதுகெலும்புக் கட்டைகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்து உயரம் இரண்டு அங்குலம் குறைந்திருப்பது அவருக்குத் தெரியாது. இதற்கு அடுத்த படி இடுப்பருகே தொடையெலும்பின் கழுத்து முறிவது. அபிஷேகம் முடிந்த ஈரக் கல்தளம், விளக்கடியில் சிந்திய எண்ணெய், உயர்ந்த நிலைப்படி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். அதன்பின் பிரதட்சிணம் என்பது நினைவில் மட்டுமே நிகழும்.

ஓசையின்றிக் கரைவது ஏன் என்பதை விளங்கிக்கொள்ளப் பழைய கோயிலின் திருப்பணியை நினைத்துக்கொண்டால் போதும். எலும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த கற்சுவர் போன்றதன்று. அதனுள் இரு வகைப் பணியாளர்கள் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றனர். ஒரு சாரார் பழுதுற்ற கல்லைப் பெயர்த்தெடுப்பவர். மற்றொரு சாரார் அவ்விடத்தில் புதுக்கல் பதிப்பவர். பெயர்ப்பதும் பதிப்பதும் சமமாக நடக்கும்வரை கட்டடம் உறுதியாக நிற்கும். வளர்ந்த மனிதரின் எலும்புக்கூடு ஏறத்தாழ 10 ஆண்டுகளில் முழுவதும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று வகுத்த மரபோடு இக்கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போவது ஓர் இனிய தற்செயல்.

பெண்ணுடலில் இத்திருப்பணிக்கு மேற்பார்வையாளராக இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு. கல் பெயர்ப்பவர் எல்லை மீறாமல் அடக்கி வைப்பது அதன் முதற்பணி. குடல் உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்தை ஈர்த்துக்கொள்ளவும், சிறுநீரில் அச்சத்து வீணாகாமல் தடுக்கவும் துணை செய்வது அடுத்த பணி. மாதவிடாய் நின்றதும் மேற்பார்வையாளர் விடைபெற்றுச் சென்றுவிடுகிறார். பெயர்ப்பவர் கை ஓங்குகிறது, பதிப்பவர் பின்தங்குகிறார். முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மட்டும் சிலர் எலும்பின் திண்மையில் 20 சதவீதம் வரை இழந்துவிடுகின்றனர். நம் நாட்டுப் பெண்களுக்கு இந்நிலை 46, 47 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் அறுவை செய்து அகற்றிக்கொண்டவர்களுக்கோ அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட், எலும்பு மெலிந்து தம்மிடம் வந்தவர்களுள் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்களாக இருப்பதைக் கண்டு, இத்தொடர்பை மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தார்.

முழங்கால் தேய்மானம் வேறு, இது வேறு. மூட்டின் நடுவேயுள்ள குருத்தெலும்பு தேய்வது வலிக்கும், சத்தமிடும், வீங்கும். எலும்பு உள்ளே புரையோடி மெலிவதற்கோ, ஒடியும் நாள்வரை எந்த அறிகுறியும் இல்லை. "எனக்கு முட்டி வலியே கிடையாது, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

போன சுரப்பை உணவு திருப்பித் தராது. ஆனால் வயதானபின் உணவால் பயனில்லை என்று கைவிடுவதும் தவறு. உண்மை அதற்கு நேர்மாறானது. அமெரிக்காவில் பெஸ் டாசன்-ஹியூஸ் என்னும் மருத்துவரின் குழுவினர் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டிக் கொடுத்தும் முதுகெலும்பின் இழப்பு நிற்கவில்லை. ஆறாண்டுகளைக் கடந்தவர்களிடம், அதிலும் அதுவரை நாளொன்றுக்கு 400 மில்லிகிராமுக்கும் குறைவாக உண்டு வந்தவர்களிடம், இழப்பு தெளிவாகக் குறைந்தது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3,270 மூதாட்டியரிடம் நடந்த ஆய்வு 1992-ல் வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 84. நாள்தோறும் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் 'டி'யும் பெற்றவர்களுக்கு, 18 மாதங்களில் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. எண்பத்து நான்கு வயதிலும் எலும்பு செவிசாய்க்கிறது!

அந்த அம்மையாரின் ஒரு நாள் உணவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காலையும் மாலையும் காபி. இரண்டிலும் சேர்ந்த பால் 150 மில்லி, அதாவது 180 மில்லிகிராம். பகலில் சாதம், குழம்பு, ரசம், ஒரு கறி. அரிசியில் சுண்ணாம்பு மிகக் குறைவு, பருப்பும் காயும் சேர்ந்து நூறோ நூற்றைம்பதோ தந்திருக்கலாம். தயிர் பேரனுக்கும் கணவருக்கும் போய்விடும்; பாத்திரம் கழுவிய நீர்போல் பெருக்கிய மோர்தான் அவர் சோற்றுக்கு. இரவு இரண்டு இட்லி. கூட்டினால் 400 மில்லிகிராமை எட்டுவதே அரிது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் திருத்தி வகுத்த அளவோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம். வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது பதிவிரதா தர்மம் என்று எண்ணி வாழ்ந்த தலைமுறை அது. அந்தக் கணக்கு அவர் எலும்பில் எழுதப்பட்டிருந்தது.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கும் வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் மருத்துவர்கள், மாதவிடாய் நின்ற 164 தென்னிந்தியப் பெண்களைப் பரிசோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டனர். வைட்டமின் 'டி' போதிய அளவில் இருந்தவர்கள் 18 சதவீதத்தினரே. உண்ட சுண்ணாம்பை உடலில் சேர்க்க வல்லது இந்த வைட்டமின். அது குறைந்தால் பாலும் கேழ்வரகும் பாதி வீண். ஏழுமலையான் சந்நிதிக்கு அருகே, ஆண்டெல்லாம் வெயில் காயும் ஊரில், இத்தனை பேருக்கு எப்படிக் குறை வந்தது? விடியற்காலை இளவெயிலில் நின்று சூரியனை வணங்கினால் வைட்டமின் 'டி' கிடைத்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. அவ்வேளை வணக்கம் மனத்துக்கு நல்லது. ஆனால் சாய்ந்து வரும் கதிரில் இதற்குரிய புறஊதா ஒளி மிகக் குறைவு. அதே திருப்பதியில் பின்னர் நடந்த ஆய்வு, காலை 11 முதல் பிற்பகல் 2 வரையிலான வெயிலே தோலில் இந்த வைட்டமினை நன்கு உண்டாக்குகிறது என்று காட்டியது. வற்றல் உலர்த்த மாடிக்குப் போகும் நேரம் அது. முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு, கைகளிலும் கால்களிலும் பதினைந்து இருபது நிமிடம் வெயில் படுமாறு அமர்ந்தால் போதும். மயக்கம் வருபவர்கள் தனியே போகலாகாது.

இனி உணவு. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் வார்க்கும் கூழ் கேழ்வரகுக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தானியங்களுள் அதற்கு நிகர் வேறில்லை. கேழ்வரகில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மாவை முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்து மறுநாள் காய்ச்சும் கூழில் அப்பிடி தளர்ந்துவிடுகிறது. முளைகட்டி அரைத்த மாவிலும் அவ்வாறே. அம்மனுக்கு வார்ப்பதை ஆண்டுக்கு ஒரு மாதத்தோடு நிறுத்தாமல், வீட்டில் வாரம் நான்கு நாள் காலையில் மோர் விட்டுக் கரைத்து உண்டால், கூழும் மோரும் சேர்ந்து 250 மில்லிகிராமுக்குக் குறையாது.

கீரைகளில் எல்லாம் ஒன்றல்ல. முருங்கைக் கீரையில் 100 கிராமுக்கு 300-க்கு மேல், அகத்திக் கீரையில் 900 அளவுக்குச் சுண்ணாம்பு உண்டு. மேனாட்டார் போற்றும் பாலக் கீரையில் இருப்பதை ஆக்சாலிக் அமிலம் இறுக்கிக் கட்டியிருப்பதால், பாலிலிருந்து கால் பங்குக்கு மேல் உடலில் சேர, இதிலிருந்து 20-ல் ஒரு பங்கே சேர்கிறது. எள்ளில் சுண்ணாம்பு மிகுதி. அதன் தோலிலும் இந்த அமிலம் உண்டென்பதால் அத்தனையும் உடலில் ஒட்டாது. ஆயினும் சனிக்கிழமை எள்ளுருண்டையும் எள்ளுச்சாதமும் வீண்போவதில்லை. நவராத்திரிச் சுண்டலில் உள்ள பயறும் கொள்ளும் தரும் புரதமும் எலும்புக்கு வேண்டும்; எலும்பின் மூன்றில் ஒரு பங்கு புரதத்தால் ஆன வலை, அதன் மேல்தான் சுண்ணாம்பு படிகிறது.

இங்குதான் துவாதசிப் பாரணையின் இலை நினைவுக்கு வருகிறது. அகத்திக் கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். அகத்தி சுண்ணாம்பையும், நெல்லி அந்தப் புரத வலையைப் பின்னுவதற்குரிய வைட்டமின் 'சி'யையும் தருகின்றன. ஒரு நாள் பட்டினிக்குப் பின் முதலில் எதை உண்ண வேண்டும் என்று வகுத்தவர்கள் எலும்பை எண்ணித்தான் வகுத்தார்கள் என்று அடித்துச் சொல்வது மிகை. வயிற்றைக் குளிர்விக்க என்பதே வழிவழியாக வரும் விளக்கம். எவ்வாறாயினும், மாதம் இருமுறை இலையில் விழுவது வாரம் இருமுறை விழுந்தால் நன்று.

அம்மையார் ஏகாதசியில் தண்ணீரும் அருந்தாதவர். இதில் ஒரு சொல் கூறியே ஆக வேண்டும். வயிற்றில் சுண்ணாம்பு வராத வேளையில், இரத்தத்தில் அதன் அளவு சற்றே தாழ்ந்தாலும் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். இதயமும் தசையும் இயங்க அச்சத்து இன்றியமையாதது. ஆகவே எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுத்துவிடும். இளமையில் எடுத்ததை ஈடுசெய்ய ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இப்போது எடுத்தது எடுத்ததுதான். நீரின்றி ஒரு நாள் இருந்து மறுநாள் விடியலில் எழும்போது தலை சுற்றி விழுவது எலும்பு மெலிந்தவருக்கு இன்னும் ஆபத்து. ஏகாதசி உபவாசத்தின் கட்டாயம் எட்டு வயது முதல் எண்பது வயதுக்குள்தான் என்று தர்ம நூல்கள் வரையறுத்தன. நோயுற்றோருக்கும் விலக்கு உண்டு. நீர், கிழங்கு, கனி, பால், மருந்து ஆகியன விரதத்தைக் கெடுப்பதில்லை என்பதும் அந்நூல்கள் கூறுவதே. பால் ஒரு தம்ளர் காலையிலும் ஒரு தம்ளர் இரவிலும் அருந்தி ஏகாதசி இருப்பவரின் விரதம் எவ்விதத்திலும் குறைந்ததன்று.

தண்ணீரைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். உணவைப் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

ஐந்தாண்டுகளுக்கு முன் அம்மையாரின் மகன் சென்னையிலிருந்து வந்து, சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். பொருத்த வந்தவர் பேனா போன்ற ஒரு கருவியைக் குழாய் நீரில் தோய்த்தார். 280 என்று காட்டியது. இயந்திரத்து நீரில் தோய்த்தார்; 25. "பார்த்தீங்களா அம்மா, எவ்வளவு அழுக்கு போயிடுச்சு!" என்றார். அம்மையாருக்கும் மகிழ்ச்சி. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைச் செதில் அன்றோடு மறைந்தது. அந்தச் செதில்தான் முழங்காலிலும் படிந்து வலியை உண்டாக்குகிறது என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லியிருந்தார்.

கருவி காட்டிய 280 அழுக்கன்று. நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் கூட்டு அளவு அது, லிட்டருக்கு மில்லிகிராமில். அதில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் அடக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ல் வெளியிட்ட குடிநீர் வரையறை, இக்கூட்டு அளவு 500 வரை இருப்பதை ஏற்கிறது. சுண்ணாம்பு 75 வரையும் மெக்னீசியம் 30 வரையும் இருப்பது முற்றிலும் ஏற்புடையது. பாத்திரத்தில் படிந்த வெள்ளைச் செதில் காய்ச்சும்போது பிரிந்து வந்த சுண்ணாம்பே. அது முழங்காலில் போய்ப் படிவதில்லை. குடலில் கரைந்து இரத்தத்தில் சேர்ந்து, எலும்பு கேட்கும் இடத்துக்குப் போகிறது. எந்தச் சத்துக்காக அம்மையார் பின்னாளில் மாத்திரை வாங்கினாரோ, அதைத்தான் இயந்திரம் ஐந்தாண்டுகளாகக் கழிவுநீரோடு சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இதனால் எவ்வளவு இழப்பு? லிட்டருக்கு 75 மில்லிகிராம் சுண்ணாம்பு உள்ள நீரை நாளுக்கு இரண்டு லிட்டர் அருந்தினால் 150 மில்லிகிராம் கிடைக்கும். 125 மில்லி பாலுக்குச் சமம். 1,200 என்ற இலக்கோடு ஒப்பிட்டால் சிறு தொகை. 400-ல் காலம் தள்ளுபவருக்கோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தவிரவும், உப்பு நீக்கிய நீரில் காய்கறியை வேகவைத்து வடித்தால் காயில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் கூடுதலாகக் கரைந்து வெளியேறுகின்றன. நீரில் உள்ள சுண்ணாம்பு பாலில் உள்ளதைப் போலவே உடலில் சேர்கிறது. அதில் கொழுப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பால் ஒவ்வாதவருக்கும் ஒக்கும்.

பிரான்சில் 75 வயதைக் கடந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 1999-ல் வெளியாயிற்று. குடிநீர் வழியே நாளுக்கு 100 மில்லிகிராம் சுண்ணாம்பு கூடுதலாகப் பெற்றவர்களிடம் தொடையெலும்பின் திண்மை அரை சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. அரை சதவீதம்தானா என்று தோன்றலாம். ஆண்டுதோறும் ஒன்றோ இரண்டோ சதவீதம் கரையும் எலும்புக்கு அது சிறிதன்று. 2005-ல் அதே நாட்டில் மற்றொரு சோதனை நடந்தது. உணவில் சுண்ணாம்பு குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, லிட்டருக்கு 596 மில்லிகிராம் சுண்ணாம்பு கொண்ட ஊற்று நீரை நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் ஆறு மாதம் கொடுத்தனர். பாராதைராய்டு சுரப்பு தணிந்தது. எலும்பு கரைவதைக் காட்டும் இரத்த அளவுகளும் இறங்கின. நம் ஊர்க் குழாயில் அத்தகைய நீர் வருவதில்லை என்பது உண்மைதான். உடலின் இயல்பு எங்கும் ஒன்றே என்பதற்காக இதைக் குறிப்பிட வேண்டியதாயிற்று.

உடனே இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிடலாகாது. கரிக்கும் நீர் எல்லாம் சுண்ணாம்பு நீர் அன்று. கடலோர ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்றில் கரிப்பது பெரும்பாலும் சமையல் உப்பு; அது இரத்த அழுத்தத்தைக் கூட்டுவதோடு, சிறுநீர் வழியே எலும்பின் சுண்ணாம்பையும் வெளியேற்றும். இதனினும் கொடியது ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் அது மிகுந்து, பல் பழுப்பேறி, முதுகு விறைத்துக் குனிய இயலாமல் போனவர்கள் பலர். படத்தில் எலும்பு தடித்துத் தோன்றும். உள்ளே உறுதி இராது. அங்கெல்லாம் ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டு சேர்க்கும் திட்டம் 2013-ல் நிறைவேறியது இதன் பொருட்டே. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரை அருந்துவதினும் ஆர்.ஓ. நீர் எவ்வளவோ மேல்.

எனவே முதலில் வீட்டு நீரைப் பரிசோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி இதைச் செய்துகொள்ளலாம். கூட்டு உப்பு 500-க்குள் இருந்து, ஃபுளோரைடும் நைட்ரேட்டும் வரம்புக்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை; கிருமியைக் கொல்லும் புறஊதா ஒளி வடிகட்டியோ, காய்ச்சி ஆறவைப்பதோ போதும். அத்தகைய இடங்களில் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டது. அதன் நோக்கம் பெரும்பாலும் வீணாகும் நீரைக் காப்பதே. கடையில் வாங்கும் 20 லிட்டர் கேன் நீரும் பெரும்பாலும் இதே முறையில் உப்பு நீக்கியதுதான். வேறு வழியின்றி அதையே அருந்துபவர்கள், போன சுண்ணாம்பை மோரிலும் கூழிலும் ஈடுசெய்துகொள்ள வேண்டும். செம்புப் பாத்திரத்தில் வைத்தால் தாது சேரும் என்பர். சேர்வது சிறிது செம்பு, சுண்ணாம்பு அன்று.

சிறுநீரகக் கல் வந்துவிடுமே என்ற அச்சம் ஆடவரையும் பெண்டிரையும் ஒருங்கே பற்றியிருக்கிறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1993-ல் ஆண்களிடமும் 1997-ல் பெண்களிடமும் கண்டது இதற்கு மாறானது: உணவில் சுண்ணாம்பு மிகுதியாக உண்டவர்களுக்கே கல் குறைவாக உண்டாயிற்று. உணவோடு வரும் சுண்ணாம்பு, கல்லுக்கு மூலமான ஆக்சாலிக் அமிலத்தைக் குடலிலேயே கட்டி வெளியேற்றிவிடுகிறது. கல்லுக்கு அஞ்சிப் பாலை விட்டவர்கள் இரண்டு வகையில் இழந்தவர்கள். ஏற்கெனவே கல் வந்தவர்களும் சிறுநீரகம் பழுதுற்றவர்களும் மட்டும் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும்.

மாத்திரைக்கு இவ்வளவு நற்சான்று தர இயலவில்லை. 2006-ல் அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பேராய்வில், சுண்ணாம்பு மாத்திரையும் வைட்டமின் 'டி'யும் இடுப்பு முறிவைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. சிறுநீரகக் கல்லோ 17 சதவீதம் கூடியது. அப்பெண்கள் ஏற்கெனவே உணவில் போதிய அளவு உண்டு வந்தவர்கள். நிறைந்த குடத்தில் நீர் ஊற்றினால் வழியத்தானே செய்யும்! உணவையும் நீரையும் கணக்கிட்டு, எஞ்சும் குறைக்கு மட்டும் மருத்துவர் அறிவுரைப்படி மாத்திரை கொள்வதே முறை. சாதாரண கால்சியம் கார்பனேட் மாத்திரையை உணவோடு உண்ண வேண்டும். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் அதற்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சேராது. இரும்புச் சத்து மாத்திரையும் தனி வேளைக்கு உரியது.

காபி அஞ்சத்தக்கதன்று, அது வெளியேற்றும் சுண்ணாம்பை அதில் விடும் பால் ஈடுசெய்துவிடும். ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் குறைய வேண்டும். உப்பு மிகுந்தால் சுண்ணாம்பு சிறுநீரில் போகும். தாம்பூலத்தில் தடவும் சுண்ணாம்பு முன்னோருக்கு ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் பாக்கு வாய்ப்புற்றுக்கு வழி செய்வது என்று உறுதியானபின் அவ்வழியை நாடுவது அறிவன்று. நடை தவறாமல் வேண்டும். உடல் எடையைத் தாங்கிக் கால் ஊன்றி நடக்கும்போதுதான் கல் பதிக்கும் பணியாளர்களுக்கு வேலை ஏவப்படுகிறது. பிரகாரத்தை வலம் வருதல் அதற்கு உகந்தது.

ஒருமுறை எலும்பு ஒடிந்தவருக்கு உணவும் நீரும் மட்டும் போதா. அம்மையாருக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்து, எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்தை மருத்துவர் தொடங்கினார். குடம் தூக்கலாகாது, குனிந்து கோலமிடலாகாது என்றும் சொன்னார். குழாய் நீரைப் பரிசோதித்துப் பார்த்த மருமகள், ஆர்.ஓ. இயந்திரத்தை மாற்றிப் புறஊதா வடிகட்டியைப் பொருத்தினாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் மறுபடியும் வெள்ளைச் செதில் படிந்தபோது அம்மையார் முகம் சுளிக்கவில்லை. "நாலு வருஷமா இதைக் காணோம்னு சந்தோஷப்பட்டேன் பாரு" என்றார். "அஞ்சு வருஷம் அம்மா" என்றாள் மருமகள்.

அடுத்த ஏகாதசியில் காலையும் இரவும் பால் அருந்தினார். மறுநாள் பாரணைக்கு அகத்திக் கீரையை மருமகளே ஆய்ந்து சமைத்தாள். இலையின் ஓரத்தில் கெட்டித் தயிர் ஒரு கிண்ணம். அதைப் பேரன் பக்கம் தள்ளப் போன கையை மருமகள் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு வேறு கிண்ணம் இருந்தது. மாலையில் பிரதோஷம் இல்லாவிடினும் இருவரும் கோயிலுக்குப் போயினர். நிலைப்படியைத் தாண்டும்போது அம்மையார் ஒரு கையால் தூணையும், மறு கையால் மருமகளின் தோளையும் பற்றிக்கொண்டார். மூன்று சுற்று முடிந்து நந்தியருகே அமர்ந்தபோது, இன்னும் இரண்டு சுற்றலாமா என்று கேட்டார்.